கிடைத்த இடம்: அப்பாவோடு ஐந்து நாள்

முதல் நாள் – எழும்பூர்

அப்பா நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் சேர்ந்தார். கணினியில் புலப்படம் வந்த காலத்தில் ஓய்வு பெற்றார். வீட்டில் யார் எந்தப் பொருளை வாங்கி வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது எந்த ஊரு?" விலையைப் பிறகுதான் கேட்பார்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். அழகான கற்சிலை ஒன்று. கீழே ஒரு சீட்டு: "சிவன். கல். 10-ஆம் நூற்றாண்டு." அவ்வளவுதான். அப்பா சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார், சிலையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார், பிறகு அங்கிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். "ஊரு பேரு இல்லாத பட்டா மாதிரில்லா இருக்கு. யாரு நிலம்னு எப்படிச் சொல்ல?" என்றார். அன்று முதலே இப்படி ஒரு பயணம் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். சென்னை, புதுச்சேரி, தஞ்சை, புதுக்கோட்டை, கீழடி. ஒவ்வொரு இடத்திலும் பொருளைப் பார்ப்பது, அது கிடைத்த இடத்தையும் சேர்த்துப் பார்ப்பது. அப்பா இதற்கென்று புதிதாக ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் மூன்று கட்டம் பிரித்துக்கொண்டார்: பொருள், காலம், கிடைத்த இடம்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. பாந்தியன் சாலை வளாகத்துக்கு வந்தது 1854-இல். எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர்தான் முதல் பொறுப்பாளர். சென்னையின் உயிரியல் பூங்காவே இந்த வளாகத்தில்தான் பிறந்தது என்று சொன்னபோது அப்பா நம்பவில்லை. சிவப்புக் கட்டடங்களுக்கு நடுவே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இடம் இருந்திருக்கு, வச்சிருக்கான்" என்று முடித்துக்கொண்டார்.

முதலில் போனது கல்லாயுதங்களைப் பார்க்க. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அது மனிதர் செதுக்கிய கைக்கோடரி என்று அவருக்குத் தெரிந்தது. இந்தியாவில் பழைய கற்காலம் உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அது. அவர் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். மலையும் ஆறுமாக நடந்து பாறை பார்ப்பதுதான் வேலை. நடந்த இடமெல்லாம் பொறுக்கிச் சேர்த்த பெரும் தொகுப்பை 1904-இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. இடம் இடமாகக் குறித்து வைத்த தொகுப்பு என்றதும் அப்பாவுக்கு ஃபூட்டைப் பிடித்துவிட்டது. "நம்ம ஆளு" என்றார்.

ஆனால் அவர் நிஜமாகவே நின்றுபோன இடம் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களுக்கு முன்னால். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். முப்பது வயதில் அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கம் வேலை பார்த்திருக்கிறார். தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரம்பு, மேட்டு நிலம் அது. மழை பெய்தால், அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த தாழிகளின் வாய் தெரியும். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டி எடுத்ததை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியது இங்கே வந்தது. வெண்கல மூடிகளின் உச்சியில் விலங்குகளும் பறவைகளும் நிற்கின்றன. சுண்டுவிரல் அளவு உருவங்கள். மூடியைத் தூக்கப் பிடிக்கும் குமிழுக்கு வெறும் உருண்டை போதும். ஆனால் அந்தக் கொல்லர் அதற்கு உயிர் வைத்திருக்கிறார்.

"நான் நடந்த பரம்புல்லா ம்மா இது" என்றார் அப்பா. "அந்தப் பக்கம் சங்கிலி இழுக்கும்போது காலுக்குக் கீழ சத்தம் வேற மாதிரி கேக்கும். டொம்முன்னு. உள்ள தாழி இருக்குன்னு கூட வந்தவங்க சொல்லுவாங்க. செருப்பைக் கழத்திட்டு நடப்போம்."

இத்தனை வருடத்தில் இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

அமராவதிக் கற்களுக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த பெரிய பௌத்தத் தூபியின் சிற்பங்கள். வெளிறிய பச்சை ஓடும் சுண்ணாம்புக்கல். அதில் ஒரு வட்டப் பதக்கம். புத்தர் மீது ஏவிவிடப்பட்ட நளகிரி என்ற மதயானை. வட்டத்தின் இடப்பக்கம் யானை ஆளைத் தும்பிக்கையில் சுழற்றிக்கொண்டு வருகிறது, தெரு கலைகிறது, மாடத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வலப்பக்கம் அதே யானை புத்தர் காலடியில் மண்டியிட்டிருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் ஒரே யானை இரண்டு தடவை. கண்ணை இடமிருந்து வலமாக நகர்த்தினால் நேரம் நகர்கிறது. கூட்டத்தில் ஒருத்தி பயந்து பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்துகொள்கிறாள். உள்ளங்கை அளவுகூட இல்லாத இடத்தில் அந்த உடம்பின் சாய்வை, 1,800 ஆண்டுகளுக்கு முன், யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார். அவர் மதயானையை நேரில் கண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தத் தூபி இன்று தூபியாக இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டுமானத்துக்குக் கல் வேண்டித் தோண்டினார்கள். செய்தி கேட்டுப் பார்க்க வந்தவர் காலின் மெக்கன்சி. அவர் 1816-இல் திரும்ப வந்தபோது எவ்வளவோ கற்கள் போய்விட்டிருந்தன. இருந்தவற்றை ஆள் வைத்து அளந்து, வரைந்து, படமாக்கினார். வரைந்த பிறகு காணாமல் போன கற்கள் உண்டு. அவற்றுக்கு அந்தப் படங்கள்தான் இன்று மிச்சம். 1845-இல் வால்டர் எலியட் தோண்டிச் சென்னைக்கு அனுப்பியவை பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறின. தூபியைச் சுற்றி நின்ற ஒரே கல்வேலி இன்று இரண்டு நாட்டில் நிற்கிறது.

"மெக்கன்சி என்ன உத்தியோகம்?" என்று அப்பா கேட்டார்.

"இந்தியாவோட முதல் சர்வேயர் ஜெனரல், அப்பா. 1815."

அப்பா நோட்டில் அதை எழுதிக்கொண்டார். அடிக்கோடும் போட்டார்.

வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருடைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, பிரான்சில் உட்கார்ந்துகொண்டு, சிற்பி ரோதான் உருகி எழுதினார். எனக்கு இந்த முறை மனதில் தங்கியது அர்த்தநாரி. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரு கை. ஆண் பாதியிலிருந்து பெண் பாதிக்கு இடுப்பு வளையும் இடத்தில் கோடு எதுவும் இல்லை. எங்கே மாறுகிறது என்று தேடினால் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. கிடைத்த இடம்: திருவெண்காடு. அப்பா எழுதிவிட்டு, "இது நம்ம போற வழியிலதான இருக்கு?" என்றார். சீர்காழிக்குப் பக்கம். நாளை மறுநாள் இறங்குவதாக முடிவு செய்தோம்.

இரண்டாம் நாள் – புதுச்சேரி

பேருந்தில் வரும்போது அப்பாவுக்கு ஒரு கதை சொன்னேன். 1944-இல் மார்ட்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். வந்த வருடமே எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே ஓர் அலமாரிக்குள் கையை விட்டபோது ஒரு மண்ஜாடியின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் தட்டுப்பட்டன. வெளியே எடுத்துப் பார்த்தால் ரோமானியர் மது நிரப்பிக் கப்பலேற்றும் ஆம்போரா ஜாடி. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரிக்கமேடு. நேரே புதுச்சேரிக்குப் போனார். அங்கே பொது நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சில சிவப்பு ஓடுகளைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இத்தாலியின் அரெட்சோ ஊரில் செய்யப்படும் பாண்டம். 1945-இல் தோண்டத் தொடங்கினார்.

"அலமாரியில கெடந்த ஓட்டுல ஊர் பேரு இல்லன்னா?" என்றார் அப்பா.

அதற்காகத்தான் இந்தக் கதையே. அந்த ஓட்டோடு ஊர் ஒட்டிக்கொண்டிருந்ததால் ஒரு துறைமுகம் கிடைத்தது. ஊர் இல்லாமல் போயிருந்தால் அது அழகான ஒரு ஜாடிக் கழுத்து மட்டும்தான்.

அரெட்சோ பாண்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். அது எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பது ரோமானிய வரலாற்றிலிருந்து நன்றாகத் தெரியும். அதோடு ஒரே மண் அடுக்கில் நம்மூர்ப் பானை கிடைத்தால், நம்மூர்ப் பானைக்கும் காலம் தெரிந்துவிடும். அதுவரை தென்னிந்தியப் பானை ஓடுகளுக்கு நம்பிச் சொல்லக்கூடிய தேதி கிடையாது. கடல் கடந்து வந்த சில சிவப்புச் சில்லுகள் ஒரு நாட்டின் காலக்கணக்குக்கே எல்லைக்கல் நட்டன. (பிறகு விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டி, ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்ததைக் காட்டினார். கப்பல் வந்ததால் ஊர் வரவில்லை. ஊர் இருந்ததால்தான் கப்பல் வந்தது.)

பாரதி பூங்காவுக்கு எதிரே, செயின்ட் லூயி தெருவில் புதுச்சேரி அருங்காட்சியகம். இந்தச் சின்னக் கட்டடத்துக்குள் உலகம் இருக்கிறது. ஆம்போராத் துண்டுகளும் அரிக்கமேட்டு மணிகளும் ஒரு பக்கம். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் ஒரு பக்கம். பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாமான்கள், பல்லக்கு, ஆள் தள்ளிக்கொண்டு போகும் புஸ்புஸ் வண்டி, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கட்டில் என்று சொல்லப்படுகிற ஒன்று.

கட்டிலை ஒரு நிமிடம் பார்த்தோம். மணிகளுக்கு முன்னால் அரை மணி நேரம். கடுகு அளவு மணி. அதில் துளை. கல்லில் அவ்வளவு சின்னத் துளை போட எத்தனை பேர் எத்தனை நாள் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்! நூல் கோத்தவரின் கண்ணை நினைத்துக்கொண்டேன். அங்கே மணி செய்தார்கள் என்பதற்கு முழு மணியைவிட நல்ல சாட்சி பாதி மணிதான். துளை போடும்போது உடைந்தது, வெட்டிப் போட்ட மிச்சம், இன்னும் உருட்டாத கல். விற்பனைக்குப் போகும் இடத்தில் முழு மணி இருக்கும்; கழிவோ மணி செய்த இடத்தில்தான் கிடக்கும்.

மதியத்துக்குப் பிறகு அரிக்கமேட்டுக்கே போனோம். நகரத்திலிருந்து தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில். மரங்களும் பழைய செங்கல் சுவர்களும். பார்க்க என்று பெரிதாக எதுவும் இல்லை என்றுதான் பலரும் சொல்வார்கள். அப்பாவுக்கு அப்படி இல்லை. ஆறு எப்படி வளைகிறது, கடல் எந்தப் பக்கம், மேடு எங்கே தொடங்குகிறது என்று நடந்து நடந்து பார்த்தார். "அலை அடிக்காத இடம். படகை உள்ள கொண்டுவந்து கட்டலாம். மேடு, வெள்ளம் வராது. நான் ஊர் வைக்கச் சொன்னாலும் இங்கனதான் வைப்பேன்" என்றார். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பழைய கடல்வழிக் குறிப்பில் வரும் 'பொதுகே' என்ற துறைமுகம் இதுதான் என்பது பல அறிஞர்களின் கருத்து. ஆற்றங்கரையில் ஒரு பானை ஓடு கிடந்தது. அப்பா குனிந்து பார்த்தார். தொடவில்லை.

மூன்றாம் நாள் – திருவெண்காடு, தரங்கம்பாடி

புதுச்சேரியிலிருந்து வாடகைக் கார். கடலூர், சிதம்பரம், சீர்காழி. நடை சாத்துவதற்கு முன் போய்விட வேண்டும் என்று ஏழு மணிக்கே கிளம்பினோம்.

திருவெண்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் புதனுக்கு வருகிறார்கள். மூன்று குளங்களிலும் தலை நனைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நாங்களும் அகோரமூர்த்தியைக் கும்பிட்டோம். ஆனால் அப்பாவுக்கு வேண்டியது சுவர். அடிமட்டத்திலிருந்து கல்வெட்டு. இந்தக் கோயிலின் கல்வெட்டு ஒன்றில், ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டில், கோலக்கவன் என்பவர் இடபவாகன தேவரை, அதாவது காளையோடு நிற்கும் சிவனை, எழுந்தருளச் செய்த செய்தி இருக்கிறது. கி.பி. 1011. அடுத்த வருடம் தேவியின் திருமேனி. வார்த்த ஆண்டு தெரிந்த சோழர் செப்புத் திருமேனிகள் அதிகம் இல்லை. இது தெரியும். கோயில் சுவர் சொன்னதால் தெரியும்.

கோயில் ஊழியர் ஒருவர், வயதானவர், நாங்கள் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து வந்தார். ஒரு வரியைக் காட்டி, "இந்த ரெண்டு எழுத்தும் தெரியுதுங்களா? எ, ல். எல்லைன்னு வருது. நிலம் விட்ட கணக்கு" என்றார்.

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சோழர் கல்வெட்டுகளில் தானம் கொடுத்த நிலத்துக்கு 'கீழ்பாற்கெல்லை', 'தென்பாற்கெல்லை', 'மேல்பாற்கெல்லை', 'வடபாற்கெல்லை' என்று நான்கு பக்கமும் சொல்வார்கள். எந்த வாய்க்காலுக்கு மேற்கு, யார் நிலத்துக்கு வடக்கு என்று. இன்றைக்குப் பத்திரம் எழுதும்போதும் அதே ஒழுங்குதான். இன்னாருடைய புஞ்சைக்குக் கிழக்கு, பொதுப் பாதைக்குத் தெற்கு. ஆயிரம் வருடத்துக்கு முன்பும் யாரோ ஒருவர் கோலை வைத்துக்கொண்டு வரப்பில் நடந்திருக்கிறார். அவர் சொன்னது ஓலையில் ஏறி, ஓலையிலிருந்து கல்லுக்கு வந்திருக்கிறது.

"நான் எழுதினது எல்லாம் பேப்பர்ல" என்றார் அப்பா. அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

தரங்கம்பாடியில் அதிக நேரம் இருக்கவில்லை, வெயில் தாங்க முடியவில்லை. 1620-இல் டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, உள்ளே அருங்காட்சியகம். தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தது தங்கத் தகட்டில். அந்தத் தகடு கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1706-இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் இங்கே இறங்கித் தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைச் சுவரில் அலைச்சத்தம் நன்றாக இருந்தது. இரவு தஞ்சாவூர் வந்து சேர்ந்தோம்.

நான்காம் நாள் – தஞ்சாவூர், புதுக்கோட்டை

அரண்மனை வளாகத்திலுள்ள கலைக்கூடம் 1951-இல் தொடங்கியது. சோழ நாட்டுக் கோயில்களில் மண்ணுக்கடியிலும் மூலையிலும் கிடந்த சிலைகள் இங்கே கூடிவிட்டன. நேரே இடபவாகனரிடம் போனோம். நேற்று சுவரில் படித்தவரை இன்று முகத்துக்கு நேரே பார்க்கிறோம்.

உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். காலைக் குறுக்காக வைத்து, உடம்பைத் தளர விட்டு நிற்கிறார். தலையில் கிரீடம் இல்லை. சடையையே தலைப்பாகையாகச் சுற்றியிருக்கிறார். சுற்றுக்குள் பாம்பு நெளிகிறது. இடக்கை தொடையில் இருக்கிறது. வலக்கை முழங்கையில் மடிந்து, பக்கவாட்டில் நீண்டு, எதன் மேலோ சாவகாசமாகச் சாய்ந்திருக்கிறது. எதன் மேல்? அங்கே காளை இல்லை. காளை கிடைக்கவில்லை. வெறும் காற்றின் மேல் கை.

ஆனால் அந்தக் கையைப் பார்த்தால் காளை தெரிகிறது. மணிக்கட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது, விரல்கள் எப்படித் தொங்குகின்றன என்பதை வைத்தே காளையின் முதுகு எந்த உயரம், திமில் எங்கே என்று கணக்குப் போடலாம். அப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். தன் கையை அதே மாதிரி நீட்டி, இன்னொரு கையால் கீழே உயரம் பார்த்தார். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை. அதனால் ஒன்று போல இன்னொன்று வராது. அந்தக் காளையும் ஒன்றே ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

நோட்டில் அப்பா எழுதினார்: இடபவாகனர், 1011, திருவெண்காடு. முதல் நாள் எழுதிய அர்த்தநாரிக்கு நேரே ஓர் அம்புக்குறி போட்டு இரண்டையும் இணைத்தார். ஒரே கோயில் வீட்டுப் பிள்ளைகள்; ஒருவர் எழும்பூரில், ஒருவர் தஞ்சையில். மண்ணுக்குள் போனதால்தான் தப்பித்தார்கள். வெளியே இருந்திருந்தால் உருக்கியிருப்பார்கள், இல்லை கப்பலேறியிருப்பார்கள். தேடி எடுத்து, ஊர்ப் பெயரோடு வைத்திருப்பவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

மதியம் புதுக்கோட்டை. திருக்கோகர்ணத்தில் இருக்கும் இந்த அருங்காட்சியகம் 1910-இல் சமஸ்தானம் தொடங்கியது. சென்னைக்கு அடுத்து மாநிலத்தில் பெரியது இதுதான். பறவை, விலங்கு, பாறை, இசைக்கருவி, நாணயம், ஓவியம், கல்வெட்டு என்று ஒரு சமஸ்தானம் தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து, பாடம் செய்து வைத்த விலங்குகளுக்கு முன்னால் கூச்சல் போட்டார்கள். கேட்க நன்றாக இருந்தது.

எனக்கு இங்கே பிடித்தது அம்மன் காசு. புதுக்கோட்டைக்காரர்கள் தங்களுக்கென்று அடித்துக்கொண்ட சின்னஞ்சிறு செப்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருக்கிறாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. புளியங்கொட்டை அளவு செப்பில் ஒரு தெய்வமும் ஒரு சொல்லும்.

காசைப் பார்த்ததும் கறுக்காக்குறிச்சி நினைவு வந்தது. புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த அந்த ஊரில் 1898-இல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. இது காசாகப் புழங்கக் கூடாது, இனி வெறும் தங்கமாகவே எடை போட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது என்று நாணய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கிழித்தவர் யார் என்று தெரியாது. ஆனால் அந்த வெட்டைப் போட்டவருக்கு ரோமாபுரிப் பேரரசர் ஒரு முகம் மட்டும்தான். நேற்று முன்தினம் பார்த்த அரிக்கமேட்டு ஜாடிக்குக் கொடுத்த விலை எந்த வழியாக எதுவரை போயிருக்கும் என்று பேசிக்கொண்டே மதுரைக்கு வண்டி ஏறினோம்.

ஐந்தாம் நாள் – கீழடி

மதுரையிலிருந்து தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போல. 2023 மார்ச் 5 அன்று திறந்த கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாகக் கட்டியிருக்கிறது. இதுவரை பார்த்த எல்லா அருங்காட்சியகங்களுக்கும் பொருள்கள் பயணம் செய்து வந்தன. இங்கே பொருளுக்கு அருங்காட்சியகம் வந்திருக்கிறது. தோண்டிய இடம் நடக்கிற தூரம்.

தாயக்கட்டை, சுடுமண் ஆட்டக்காய், தக்களி, கறுப்பு-சிவப்புப் பானை, சூதுபவள மணி. பானையின் தோளில் கீறிய பெயர்கள்: ஆதன், குவிரன். யாரோ தன் பானை தனக்கே வேண்டும் என்று பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார். அரசனின் ஆணையும் இல்லை, தானமும் இல்லை. வீட்டுச் சாமானில் பெயர் வெட்டும் பழக்கம். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தில் என் ஆச்சியின் பெயர் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். எழுத்து எல்லார் கையிலும் இருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வது இந்தச் சில்லுகளை வைத்துத்தான்.

அப்பாவுக்காக நான் ஐந்து நாளும் சேர்த்து வைத்திருந்த தகவல் ஒன்று உண்டு. அதை இங்கே சொன்னேன். கீழடிக்குக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்ற காலம் எப்படி வந்தது? 2018-ஆம் ஆண்டு அகழாய்வில் எடுத்த கரித்துண்டுகளை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்ததற்குக் கி.மு. 580 என்று வந்தது. 200 செ.மீ. ஆழத்தில் எடுத்ததற்குக் கி.மு. 205.

"ஆழம் எழுதி வச்சிருக்கான்" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"எழுதாம இருந்தா தேதிக்கு அர்த்தமே இல்லையே, அப்பா."

"அதத்தான் சொல்லுதேன். 153 செ.மீ. மண்ணு. 375 வருசம். கரித்துண்டை மட்டும் கையில வச்சிருந்தா அது அடுப்புக்கரி."

நான்கு நாளாக மூன்று கட்டம் போட்டு எழுதிய நோட்டில் அப்பா அளவுகோலை வைத்து நான்காவது கோடு இழுத்தார். ஆழம். முந்தைய பக்கங்களில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

பிறகு தோண்டிய இடத்துக்குப் போனோம். பள்ளிச்சந்தைத் திடல், 110 ஏக்கர் மேடு, பெரும்பகுதி தென்னந்தோப்பு. தோப்பு ஓரத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். அகழாய்வில் கூலிக்கு மண் எடுத்தவராம். "ரெண்டு சீசன் வேலை பாத்தேன்யா. மண்ணைத் தூரிகையால தள்ளச் சொல்லுவாங்க. விளக்குமாறு தொடக் கூடாது" என்றார். எடுத்த ஒவ்வொரு ஓட்டையும் எந்தக் குழி, எத்தனை ஆழம் என்று சீட்டெழுதிப் பையில் போட்டதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சீட்டு நனைந்துவிடக் கூடாது என்று முந்தானையால் மூடிக்கொண்டு ஓடியதையும் சொன்னார்.

"அந்தக் குழியெல்லாம் எங்கம்மா இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"ரொம்பக் குழிய அளந்து படம் எடுத்துட்டு மூடிட்டாங்கய்யா. நான் வேலை பாத்தது அந்தா, அந்தத் தென்னைக்கு இந்தப் பக்கம்."

தென்னை வரிசைக்கு நடுவே வெறும் தரை. கொஞ்சம் புல். அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பாதை ஓரத்துக் கல்லிலிருந்து அடி எடுத்து வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். ஒரு காலடி இத்தனை அடி என்று அவர் உடம்புக்கு இன்னும் தெரியும். நின்றார். திரும்பிக் குறுக்கே நடந்து அதையும் எண்ணினார். அந்த அம்மா, "இன்னும் கொஞ்சம் வாங்கய்யா. ஆங், அங்கதான்" என்றார்.

அப்பா வெறுங்காலோடு அங்கேயே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். கிடைத்த இடம் என்ற கட்டத்தில், பத்திரம் எழுதும் குண்டு எழுத்தில், கீழ்பாற்கெல்லை என்று தொடங்கி, நிமிர்ந்து ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, வரிசையில் மூன்றாவது தென்னை என்று எழுதினார்.